அதிவேக உயிர்காப்பு ஊர்தி தேர்ந்தெடுக்கப்பட்ட வரலாறு

2025ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் பதினொன்றாம் நாள், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் ஓர் இரும்பு உருட்டாலையில் துப்புரவுப் பணி செய்யும் ஞானம்மா என்பவர், ஆலை முதலாளிகளின் மன்றத்துக்கு ஒரு மனு கொடுத்தார். அடிபட்டவரைப் படுக்க வைத்து எடுத்துச் செல்லும் வண்டி ஒன்று தொழிற்பேட்டை வாயிலில் எந்நேரமும் நிற்க வேண்டும் என்பது மனு. அந்த வண்டி இன்றுவரை நிற்கவில்லை. என் குறை இவ்வளவே. பின்வருவன அனைத்தும் அது ஏன் நிற்கவில்லை என்பதற்கான விளக்கம்.

மனுவை எழுதிக் கொடுத்தவன் நான். முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் தமிழ் கற்பித்தவன் ஆதலால், நான்கு வரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டேன். நான்கு வரியைத் தவறாகப் புரிந்துகொள்வது கடினம் என்று நம்பினேன். மன்றத்தின் ஆற்றலை அப்போது நான் அறிந்திருக்கவில்லை.

மனுவுக்குக் காரணம் ஜோசப். ஞானம்மாவின் கணவர் சாலமோனோடு ஒரே இயந்திரத்தில் வேலை செய்தவர். ஜூலை மாதத்தில் செக்கச்சிவந்த கம்பி ஒன்று தடம் மாறி அவர் காலைச் சுற்றிக்கொண்டது. நூற்றெட்டு வண்டி அந்நேரம் நெடுஞ்சாலையில் வேறொரு விபத்துக்குப் போயிருந்தது. பழைய இரும்பு ஏற்றும் லோகுவின் குட்டியானை வண்டியில், துருப்பிடித்த தகடுகளின்மேல் சாக்கு விரித்து ஜோசப்பைக் கொண்டுபோனார்கள். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

"இவரும் அதே மிசின்லதான் சார் நிக்கறாரு" என்றார் ஞானம்மா, ஆரம்பாக்கத்தில் என் வீட்டுக்கு வந்து. "அத நெனச்சா சோறு எறங்க மாட்டேங்குது. ஒரு படுக்கெ வெச்ச வண்டி சார். அவ்ளோதான். ஏசிகூட வோணாம்."

மன்றத்தின் முழுப்பெயர், 'வடதிசைத் தொழிற்பேட்டை உற்பத்தியாளர் பாதுகாப்பு, நலம் மற்றும் நன்மதிப்பு மேம்பாட்டு மன்றம்'. மூன்றனுள் கடைசியாக நிற்பதே அங்கு முதலாவது என்பதை அறிய, அலுவலகச் சுவரில் மாட்டிய படங்களைப் பார்த்தால் போதும். தலைவர் வீரராகவன் மரம் நடுகிறார். தலைவர் இலவசக் கண் மருத்துவ முகாமில் தம் கண்ணைக் காட்டுகிறார். தலைவர் தொழிலாளர்க்குத் தலைக்கவசம் வழங்குகிறார். படத்தில் உள்ள ஒரே தலைக்கவசத்தைத் தாமே அணிந்திருக்கிறார்.

முதற் கூட்டத்துக்கே ஞானம்மா அழைக்கப்பட்டார். மனுதாரர் என்பதற்காக அன்று. மன்றம் எந்தப் பாதுகாப்புச் சாதனத்தை வாங்கினாலும், தேர்வுக் குழுவில் பெண் தொழிலாளி ஒருவர் இருந்து கையொப்பமிட வேண்டும் என்று விதி இருந்தது. முந்தைய பெண் உறுப்பினர் வேலையிலிருந்து நின்று நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய கையொப்பம் மட்டும் விடுப்பே எடுக்காமல் பணியாற்றி வந்தது. அதற்கும் வயதாகிவிட்டது என்று யாரோ ஆட்சேபித்ததால் புதியவர் தேவைப்பட்டார்.

செயலாளர் அன்புசெல்வன் மனுவை உரக்கப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றினார்.

"ரொம்ப நல்ல மனும்மா. ஆனா இந்த ஆம்புலன்ஸ்ங்கிற வார்த்தை இருக்கு பார், அது கொஞ்சம் நெகட்டிவ். ஜப்பான்காரன் வரான், கொரியாக்காரன் வரான். கேட்டாண்ட ஆம்புலன்ஸ் நின்னுக்கினு இருந்தா இன்னா நெனப்பான்? இங்க ஆளுங்களுக்கு அடிபடும்னு நெனப்பான்."

"அடிபடுதே சார்" என்றார் ஞானம்மா.

"படட்டும்மா. அவன் நெனக்கக் கூடாது இல்ல?"

ஆகவே 'ஆம்புலன்ஸ்' என்னும் சொல் நீக்கப்பட்டு, 'அதிவேக உயிர்காப்பு ஊர்தி' என்பது சேர்க்கப்பட்டது. தலைவர் எழுந்தார். அவர் பேசத் தொடங்கினால் மேடைத் தமிழ் தானாக வந்துவிடும். காலடியில் மேடை தேவையில்லை.

"நண்பர்களே! உயிரைக் காப்பது எது? மருந்தா? மருத்துவரா? இல்லை, நேரம்! நேரத்தைக் காப்பது எது? வேகம்! அந்த வேகம் சாதாரண வேனில் இருக்கிறதா? இருக்கிறதோ இல்லையோ, நான் அறியேன். வேனில் நான் ஏறியதில்லை. என் தொழிலாளிக்கு ஒரு வண்டி, எனக்கு ஒரு வண்டி என்று பாகுபாடு பார்ப்பவன் நான் அல்லன். எனக்கு எந்த வண்டியோ அதேதான் அவனுக்கும். ஒரே வண்டி! அவன் அடிபடாத நாள்களில் அது சும்மா நின்றால் பேட்டரி இறங்கிவிடும். அந்நாள்களில் அதில் பயணம் செய்யும் சுமையை என் தோளில் ஏற்றுக்கொள்கிறேன்."

கைதட்டல் இரண்டு நிமிடம் நீடித்ததாகக் கூட்டக் குறிப்பு கூறுகிறது. தலைவரின் தோளைப் பற்றிக் கவலை தெரிவித்து ஓர் உறுப்பினர் பேசியதும் அதில் உள்ளது.

வேகமும் சொகுசும் ஒருங்கே அமைந்த பெருங்கார்கள் உலகில் பல உண்டாம். மன்றம் அவற்றுள் இரண்டில் வந்து நின்றது. ஒன்று ஸ்ட்ரேகன், மற்றொன்று வல்கானோ. முன்னது கறுப்பு, பின்னது வெள்ளை. இரண்டின் விலையும் எனக்குச் சொல்லப்பட்டது. அதை எழுத என் பேனா மறுக்கிறது. கறுப்பு நின்ற நிலையிலிருந்து மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தை மூன்று புள்ளி ஒன்பது வினாடியில் எட்டும். வெள்ளைக்கு நான்கு வினாடி. எஞ்சிய அந்தப் பத்தில் ஒரு பங்கு வினாடிக்குள் மன்றம் இரண்டாகப் பிளந்தது. தலைவர் கறுப்பணி. செயலாளர் வெள்ளையணி. இருபது ஆண்டுகளாக ஒரே தட்டிலிருந்து பஜ்ஜி எடுத்து உண்டவர்கள், தனித்தனியே தேநீர் வரவழைக்கத் தொடங்கினர்.

ஒப்பீட்டுப் பட்டியல் ஒன்று தயாரிக்கப்பட்டது. நாற்பத்தேழு இனங்கள். இருக்கைத் தையலில் சென்டிமீட்டருக்கு எத்தனை தையல் என்பது ஓர் இனம். கதவு மூடும்போது எழும் ஒலியின் கம்பீரம் மற்றோர் இனம். படுக்கை என்னும் இனம் இல்லை. ஞானம்மா கேட்டபின் 'இதர' என்பதன்கீழ் அது சேர்க்கப்பட்டு, இரு வண்டிக்கும் நேரே 'பரிசீலனையில்' என்று எழுதப்பட்டது.

வண்டிகளைப் பார்வையிடும் நாள் வந்தது. இரண்டும் மன்றத்து முற்றத்தில் நின்றன. விளக்கம் சொன்னவர் தொழில்நுட்ப ஆலோசகர் விமல். அவர் தலைவரின் மருமகன் என்பதை, ஆலோசகரைத் தேர்ந்தெடுத்த குழு பின்னர்தான் அறிந்ததாம். ஞானம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கறுப்பு வண்டிக்குள் தலையை நீட்டினார்.

"இது இன்னா சார், நடுவால ஒரு பொட்டி?"

"ஃபிரிட்ஜும்மா."

"ரத்த பாட்டிலு வெக்கறதுக்கா?"

விமல் அதன் மூடியைத் திறந்து காட்டினார். "கிளாஸு ரெண்டு வெக்கறதுக்கு. மேல பாருங்க, கூரை முழுக்க நட்சத்திரம். ஆயிரம் குட்டி லைட்டு. நோயாளிக்கு மனசு லேசாயிடும்."

"மல்லாக்கப் படுத்தாதான தெரியும்? எங்க சார் படுக்கறது?"

"பின்சீட்டு சாயும்மா. நாப்பத்திமூணு டிகிரி. முதுகுகூடப் புடிச்சிவுடும், பத்து தினுசா."

"அப்ப சரி. அதுல அடிபட்ட ஆள வெச்சிக்கலாம்."

"அது தலைவர் சீட்டு. அவரு செட்டிங் மெமரில இருக்கு, கலைஞ்சிடும். அடிபட்டவரு முன்னாடி, டிரைவர் பக்கத்துல குந்திக்கலாம். பெல்ட் மட்டும் கண்டிப்பா போட்டுக்கணும். இல்லேன்னா கத்திக்கினே இருக்கும்."

"யாரு, அடிபட்டவனா?"

"வண்டிம்மா."

பெண் உறுப்பினர் உள்ளமைப்புக் குறித்து ஆர்வத்துடன் வினவித் தெளிவுபெற்றார் என்று குறிப்பேட்டில் பதிவாகியுள்ளது.

அடுத்தது உறுமல் தேர்வு. எந்த வண்டியின் உறுமல் உயிர்காப்புக்கு ஏற்றது என்பதை அறிய, பன்னிரண்டு முதலாளிகள் உணவுக்கூட வாசலில் நாற்காலி போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு அமர்ந்தனர். நண்பகல் உணவு வேளை அது. ஒலி கலந்துவிடும் என்பதால், தொழிலாளர் தட்டு ஓசை எழுப்பக் கூடாது என்று உத்தரவு. சாம்பார் வாளியைக்கூட இழுக்க விடவில்லை. கறுப்பின் உறுமலில் ஓர் அரசனின் கோபம் இருப்பதாகத் தலைவர் கண்டார். வெள்ளையின் உறுமலில் அதே அரசனின் மன்னிப்பு இருப்பதாகச் செயலாளர் கண்டார். அந்நேரம் பார்த்து லோகுவின் குட்டியானை புகைக்குழாய் உடைந்த சத்தத்தோடு அவ்வழியே வந்தது.

"யோவ், ஆஃப் பண்ணுய்யா!" என்று காவலர்கள் ஓடினார்கள்.

"ஏன் நைனா, என் வண்டியும் கத்துதே, அதுக்கு மார்க்கு கெடயாதா?" என்றார் லோகு. "போன மாசம் ஜோசப்ப ஏத்திக்கினு போனது இந்தச் சனியந்தான். சத்தம் கேட்டு அவன் பயப்புடவும் இல்ல, சந்தோசப்படவும் இல்ல. தண்ணி கேட்டான்."

அவருக்கு மூன்று நாள் உள்ளே வரத் தடை விதிக்கப்பட்டது.

ஓட்டத் தேர்வுக்குச் சாலை தேவைப்பட்டது. வாயிலிலிருந்து நெடுஞ்சாலை வரையுள்ள உட்சாலையில் ஏழு வேகத்தடைகள் இருந்தன. கன்டெய்னர் லாரியில் இரண்டு பெண்கள் அடிபட்ட பிறகு, தொழிலாளர் இரண்டு ஆண்டுகள் நடையாய் நடந்து பெற்றவை அவை. வல்கானோவின் முகப்பு முதல் தடையிலேயே உரசியது. உயிர்காப்புக்கு இடையூறான ஏழையும் அகற்ற மன்றம் ஒருமனதாக முடிவெடுத்தது. பிளவுக்குப்பின், கடைசித் தீர்மானம் வரை, அவ்விரு அணிகளும் ஒத்துப்போன இடம் இது ஒன்றே. இரண்டு ஆண்டுகளில் வந்தவை இரண்டு நாளில் போயின.

செப்டம்பர் பத்தொன்பது, வெள்ளிக்கிழமை. காலையில் இராகுகாலம், மூன்று மணிக்கு எமகண்டம். எனவே பகல் ஒன்றரையிலிருந்து மூன்றுக்குள் ஓட்டம் நடக்க வேண்டும் என்று குறித்துக் கொடுத்தார்கள். ஆலைகளில் வேலைமுறை மாறுவது இரண்டு மணிக்கு. இரண்டு மணிக்குச் சங்கு ஊதினால் உள்ளிருந்து அறுநூறு பேர் வெளியே வருவர். வெளியிலிருந்து அறுநூறு பேர் உள்ளே போவர். சாலை மனிதர்களால் நிறைந்துவிடும். செயலாளர் இதற்கு எளிய தீர்வு கண்டார்: அன்று சங்கு ஊதப்படாது. ஓட்டம் முடியும்வரை உள்ளிருப்பவர் உள்ளேயே இருக்கட்டும். வெளியில் இருப்பவர் வெளியிலேயே நிற்கட்டும்.

ஆலை வேலை அறியாதவர்க்கு ஒன்று சொல்ல வேண்டும். உருட்டாலையில் உலை எரியும்வரை இரும்பு வந்துகொண்டே இருக்கும், உருளைகள் நில்லா. இடுக்கி பிடித்து நிற்பவர், மாற்றாள் வந்து இடுக்கியைக் கையில் வாங்கினாலன்றி, அந்த இடத்தைவிட்டு அகலக் கூடாது. இரண்டு மணிக்கு மாற்றாள் வருவார். அதுவரை தாங்கும் அளவுக்குத்தான் உடலும் பழகியிருக்கும். சாலமோன் காலை ஆறு மணி முதல் நின்றிருந்தார். அவருடைய மாற்றாள் ஜெபா, வாயிற்கம்பிக்கு வெளியே நின்றிருந்தார்.

"சார், என் ஆளு உள்ள நிக்கறாரு சார். என்ன மட்டுமாவது உடுங்க, ஓரமா ஓடிர்றேன்" என்று ஜெபா காவலரிடம் கெஞ்சினார்.

"டிராக்ல மனுசன் வரக் கூடாதுன்னு ஆர்டருப்பா. பாதுகாப்பு மேட்டரு."

ஓட்டமோ தொடங்கவில்லை. தலைவர் வர இரண்டரை. பூசணிக்காய் சுற்றி உடைக்க இரண்டே முக்கால். எட்டுச் சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியபின், வெள்ளைக்கு வைத்த பழங்கள் பெரியவை என்றும், சாறு பட்டுச் சக்கரம் வழுக்கும் என்றும் வெள்ளையணி ஆட்சேபித்தது. சக்கரங்கள் கழுவப்பட்டன. வண்டிகளை ஓரடி நகர்த்தி, எமகண்டத்துக்கு முன்பே ஓட்டம் தொடங்கிவிட்டதாகப் பதிவு செய்துகொண்டார்கள். ஞானம்மாவின் கையில் ஒரு பச்சைக் கொடி கொடுத்து வெயிலில் நிறுத்தியிருந்தார்கள். பெண் தொழிலாளி கொடியசைத்தால் படம் நன்றாக அமையும் என்பது விமலின் யோசனை.

"சார், ரெண்டு மணி சங்கே ஊதலியே. உள்ள இருக்கறவங்க இன்னா பண்ணுவாங்க?" என்று ஞானம்மா இரண்டு முறை கேட்டார்.

"கொடிய நேரா புடிங்கம்மா" என்றார் விமல், இரண்டு முறையும்.

மூன்றே காலுக்குக் கறுப்பு ஓடியது. அடுத்து வெள்ளை ஓடியது. நேரம் குறித்தவர்களின் கடிகாரங்கள் மாறுபட்டதால் மறு ஓட்டத்துக்கு ஆணையிட்டார்கள். வண்டிகள் இரண்டும் திரும்பி வந்து வாயிலருகே நின்றபோது, ஆலைப் பக்கமிருந்து கூச்சல் கேட்டது. நான்கு பேர் ஒருவரைப் பலகையில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தனர். ஒன்பதரை மணி நேரம் நின்றவரின் இடுக்கி நழுவியிருக்கிறது. கையுறையோடு சேர்த்து வலக்கையை உருளை இழுத்துவிட்டது. அவர் சாலமோன்.

நூற்றெட்டுக்கு யாரோ அழைத்தார்கள். இருபது நிமிடம் ஆகும் என்று பதில் வந்தது. ஆனால் அதனாலென்ன? உலகின் மிக வேகமான இரண்டு உயிர்காப்பு ஊர்திகள் இயந்திரம் ஓடும் நிலையில் பத்தடியில் நிற்கின்றனவே! ஞானம்மா கொடியை எறிந்துவிட்டுக் கறுப்பு வண்டியின் கதவைப் பிடித்தார்.

"மேடம், மேடம்! இது டெமோ வண்டி" என்று வண்டியோடு வந்திருந்த விற்பனையாளர் குறுக்கே வந்தார். "க்ரீம் கலர் லெதர். கறை பட்டா போவாது."

"ஐயா, ரத்தம் போய்க்கினே இருக்குதுய்யா!"

"அதத்தான் மேடம் நானும் சொல்றேன்."

ஞானம்மா வெள்ளை வண்டிக்கு ஓடினார். அங்கே செயலாளர் நின்றிருந்தார். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது என்று ஞானம்மா சொல்கிறார்; எழுதிவைக்கிறேன்.

"எனக்கு ஏத்திக்கினு போவணும்னுதான் இருக்கும்மா. ஆனா இன்னும் ஓட்டெடுப்பு முடியல. இப்ப இதுல ஏத்தினா இதையே செலக்ட் பண்ண மாதிரி ஆயிடும். தலைவர் ஒத்துக்க மாட்டாரு."

தலைவர் ஒத்துக்கொள்ளவில்லைதான். "கறுப்பில் ஏற்றினால் செயலாளர் அணி வெளிநடப்புச் செய்யும். நடுநிலை காக்க வேண்டிய இடத்தில் இருக்கிறேன்" என்றார். பிறகு பலகையைப் பார்த்துத் தலையை அசைத்து, "இதனால்தான் நண்பர்களே, வேகம் வேண்டும் என்று ஆகஸ்டு மாதமே சொன்னேன்" என்றார்.

வெளியே பழுதான குழாயின் இரைச்சல் கேட்டது. லோகு தம் குட்டியானையைப் பின்புறமாக ஓட்டிக்கொண்டு வந்தார்.

"தள்ளுங்கய்யா, பேஜாரு புடிச்சவனுங்களா! ஜெபா, பலகையோட தூக்கு. அக்கா, நீ ஏறி அவரு தலைய மடில வெச்சிக்கோ. யோவ், இந்தக் கறுப்ப நவுத்துய்யா!"

கறுப்பு நகரவில்லை. சுற்றிலும் மனிதர்கள் நிற்பதை உணர்ந்து, பாதுகாப்புக் கருதித் தன்னைத் தானே பூட்டிக்கொண்டுவிட்டதாம். அதைச் சமாதானப்படுத்த விமல் கைப்பேசியில் நிறுவனத்தை அழைத்தார். லோகு காத்திருக்கவில்லை. சாலையோரப் பள்ளத்தில் இறக்கி, முட்புதரை உரசிக்கொண்டு வெளியேறினார். இரும்புத் துரும்பும் எண்ணெய்ப் பிசுக்கும் கிடந்த தளத்தில் சாக்கின்மேல் சாலமோன் கிடந்தார். வலக்கையை மணிக்கட்டோடு எடுக்க வேண்டியதாயிற்று. சுத்தமாகவும் சற்று முன்னதாகவும் கொண்டுவந்திருந்தால் கட்டைவிரலையும் உள்ளங்கையையும் காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார்.

நான்காம் நாள் மன்றம் கூடியது. தீர்மானத்தைக் கண்ணால் கண்டேன். 'ஓட்டத் தேர்வின்போது எதிர்பாராது நிகழ்ந்த செய்முறை விளக்கம், அதிவேக ஊர்தியின் அவசியத்தை ஐயத்துக்கிடமின்றி மெய்ப்பித்தது. ஒன்றை மட்டுமே தேர்ந்தெடுப்பதாயின் எதில் ஏற்றுவது என்னும் தயக்கம் நேர்கிறது. ஆகவே இரண்டையும் வாங்கலாம். கறுப்பு, தலைவரின் நேரடிப் பொறுப்பில். வெள்ளை, செயலாளரின் நேரடிப் பொறுப்பில்.' வண்ணப்பூச்சு கெடாதிருக்க, 'உயிர்காப்பு' என்னும் ஒட்டுத்தாள் இரு வண்டியிலும் எரிபொருள் மூடியின் உட்புறம் ஒட்டப்படும். கறுப்பணியும் வெள்ளையணியும் அன்று மீண்டும் ஒரே தட்டில் பஜ்ஜி உண்டன.

ஒன்று மட்டும் குறைந்தது: பெண் தொழிலாளி உறுப்பினரின் கையொப்பம். அன்புசெல்வன் பதிவேட்டையும் ஒரு பை ஆப்பிளையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தார். நான் அப்போது அங்கிருந்தேன்.

"சின்ன பார்மாலிட்டிம்மா. இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. உன் மனுவாலதாம்மா ரெண்டு வண்டி வருது. ஒண்ணு கேட்ட, ரெண்டு குடுக்கறோம்."

"அதுல படுக்கெ இருக்குதா சார்?"

"பரிசீலனைல இருக்கு."

ஞானம்மா கட்டிலைப் பார்த்தார். துணி சுற்றிய மொட்டை மணிக்கட்டை மார்பின்மேல் வைத்துக்கொண்டு சாலமோன் உறங்கிக்கொண்டிருந்தார்.

"பொழப்புக்கு இருந்த கைய எடுத்துக்கினு போயிட்டீங்க" என்றார் ஞானம்மா. குரல் உயரவில்லை. "ஏங்கையும் வோணுமா? போங்க சார். அந்த ஆப்பிளையும் எடுத்துக்கினு போங்க."

அன்புசெல்வன் கோபித்துக்கொள்ளவில்லை. விதியை எடுத்துப் படித்துப் பார்த்தார். 'பெண் தொழிலாளி ஒருவர்' என்றுதான் இருக்கிறது. இன்னார் என்று இல்லை. பதிவேட்டோடு புறப்பட்டார். அது இப்போது தொழிற்பேட்டையில் ஆலை ஆலையாகப் போய்க்கொண்டிருக்கிறது. நேற்று ஒரு பெயின்ட் ஆலையின் பொதி கட்டும் பிரிவுக்கு வந்ததாம். கையொப்பமிட்டால் இனிப்புப் பெட்டியும், தலைவரோடு ஒரு புகைப்படமும் உண்டு. தீர்மானத்தின்மேல் ஒரு தாளை மடித்து மறைத்துவைத்து, கீழேயுள்ள கோட்டை மட்டும் காட்டுகிறார்களாம்.

இதைப் படிக்கும் நீங்கள் திருவள்ளூரில் இருக்கலாம், பள்ளிப்பட்டில் இருக்கலாம். உங்கள் மனைவியோ மகளோ தங்கையோ எதிர்வீட்டுப் பெண்ணோ அந்தத் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவராக இருக்கலாம். நாளை காலை அவர் கம்பெனி வண்டி ஏறுமுன் இதை அவரிடம் சொல்லுங்கள். பதிவேடு வந்தால் அந்த மடித்த தாளைத் தூக்கிப் படிக்கச் சொல்லுங்கள். ஆள் படுத்துப் போகும் வண்டி ஒன்று வாயிலில் வந்து நிற்பதைத் தம் கண்ணால் காணும்வரை, பேனாவைத் தொடக் கூடாது என்று சொல்லுங்கள். அறுநூறு பேர் நிற்கும் அந்த வாயிலில் ஒரு பெண்கூடக் கையெழுத்துப் போடாமலிருக்க வேண்டும். அதைச் செய்து முடிக்க வேண்டியவர் நீங்கள். நாளை மறுநாள் அல்ல, நாளை காலை.